பீலி நின்ற காலை

"தூக்குங்க! நிக்காதீங்க! மண்ணு வருது!"

கத்துகிறவள் நான்தான். கம்பளியின் ஒரு முனை என் கையில். மற்ற மூன்று முனைகளில் என் மகள் சுதா, பக்கத்துக் காம்பரா பிலோமினா அக்கா, கடைசிக் காம்பரா ராசு. கம்பளிக்குள் பிலோமினா அக்காவின் கணவர் அந்தோணி. பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது பக்கம் அசையாது. பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது. கண்ணில் மழை விழுகிறது. துடைத்துவிட யாருக்கும் கை இல்லை.

கார்த்திகை மாதம். வியாழக்கிழமை. காலை ஆறு இருபது. எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கோயில் பாறைக்கு இருநூறு காலடி. பாதி வந்துவிட்டோம். மேலே மரம் முறிகிறது. ஒன்று. நிறுத்தம். இன்னொன்று. எனக்கு அந்த நிறுத்தம் தெரியும். போரில் ஒரு ஷெல் குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் வருகிற நிறுத்தம். அதற்குள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று என் காலுக்குத் தெரியும்.

ராசு மூச்சு வாங்குகிறான். "அக்கா, அந்தோணி அண்ணன் நல்ல கனம். ரெண்டு வருஷமா படுத்துக்கிட்டே தின்னுருக்காரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன், இதையும் எழுதி வையுங்கள். அந்த நேரத்திலும் அவன் சிரித்தான்.

என் பெயர் சரஸ்வதி. வயது ஐம்பத்தைந்து. பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போனால் ஒரு தோட்டம். அதன் மேல்மலை லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்து பறிக்கிறேன். பிறந்ததும் அதே லயத்தில்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் கீழ்ப் பாதை வழியாகப் பந்தம் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. லயம் எரிந்தது. அப்பா எங்களை வடக்கே வன்னிக்குக் கூட்டிப் போனார். அங்கே காடு வெட்டினோம். அங்கே கல்யாணம். அங்கே இரண்டு பிள்ளைகள்.

போரின் கடைசி மாதங்கள். கடற்கரை மணலில் பங்கர், பதுங்குகுழி. அதற்குள் குனிந்து உட்கார்ந்து சாமியைக் கூப்பிட்டேன். மாரியம்மாவை. முருகனை. பெயர் தெரிந்த எல்லாச் சாமியையும். கணவர் தண்ணீர் எடுக்கப் போனார். மகன் கூடப் போனான். விசில் போல ஒரு சத்தம். பிறகு எனக்குச் சத்தமே கேட்கவில்லை. காது மூன்று நாள் அடைத்துக் கிடந்தது.

போர் முடிந்து முகாமிலிருந்து விட்டதும் சுதாவைக் கூட்டிக்கொண்டு, திருத்திக் கட்டியிருந்த பிறந்த லயத்துக்கே திரும்பினேன். அவளுக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து சாமி கும்பிடவில்லை. சாமியோடு சண்டை இல்லை. பேச்சு இல்லை. அவ்வளவுதான்.

லயத்தில் எனக்கு 'வன்னிக்கா' என்று பெயர். நல்ல சனங்கள். அரிசி கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், எனக்குத் தோட்டத்தில் பெயர் பதிய அலைந்தார்கள். ஆனால் தீபாவளி வந்தால் சிரிப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் நான் தேயிலைச் செடிக்கு அடியில் படுத்துவிடுவேன். லொறி கல் கொட்டினாலும் படுப்பேன். எழுந்து சேலையில் மண் தட்டும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். எல்லாரையும் விட ராசு பலமாகச் சிரிப்பான். கொடுக்கு இல்லாத சிரிப்பு. ஆனாலும் சுடும். போன தீபாவளிக்கு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இனிப் படுக்க மாட்டேன். இனிக் கத்த மாட்டேன். சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் மூன்று நாள் மழை. லயத்துக்குப் பின்னால் பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக ஊற்றுத் தண்ணீர் விழும். பீலி என்போம். நிற்காமல் விழும். புதன் மாலை பீலித் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தது. வாளியில் பிடித்துக் கொட்டினோம்.

வியாழன் காலை ஐந்து நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பீலிச் சத்தம் இல்லை. மழை கொட்டுகிறது, பீலி நின்றிருக்கிறது. பிறகு தரைக்கு அடியில் ஒரு உறுமல். நாய் உறுமுவது போல. ஆனால் நீளமாக. சுவரில் இருந்த தகர ராக்கைத் தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்தன.

மலை இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலுக்குப் போனேன். வாயைத் திறந்தேன். கத்தவில்லை. ராசுவின் சிரிப்பு காதில் கேட்டது. திரும்பி வந்தேன். அடுப்பு மூட்டினேன். தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட்டுக் கலக்கினேன். சுதாவை எழுப்பவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். சாட்சி சொல்ல வந்தவள் இதையும் சொல்ல வேண்டும்.

ஆறு ஐந்து. அடுப்புக்கு மேலே சுவர் வெடித்தது. விரலை விட்டுப் பார்த்தேன். விரல் விரிசலுக்குள் போனது. அப்போதுதான் கத்தினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க! மலை எறங்குது! கோயிலுக்கு ஓடுங்க!"

கதவுகளைத் தட்டினேன். பாத்திரத்தால் அடித்தேன். சனங்கள் வந்தார்கள். சிலர் பயந்து. சிலர் திட்டிக்கொண்டு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் பாறைக்கு ஓடினார்கள். முதல் காம்பராவில் மருதை ஐயா தனியாக இருந்தார். அவருக்குக் காது கேட்காது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ராசு வாசலில் நின்றான். உள்ளே மனைவி கலா ரொட்டி சுடுகிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகள் அடுப்போரம். மூத்தவள் யோகேஸ்வரி பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. அவள் அங்கேயே தங்கியிருந்தாள்.

"கலா, வன்னிக்காவுக்கு மறுபடி ஷெல் அடிக்குது. நீ ரொட்டியச் சுடு."

நான் பிலோமினா அக்காவின் காம்பராவுக்குள் ஓடினேன். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை.

"சரசு, நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. இவர விட்டுட்டு நான் வரமாட்டேன். மாதா பாத்துக்குவா."

எனக்குக் கோபம் வந்தது. பங்கருக்குள் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மாதா வந்து தூக்க மாட்டாக்கா! நாமதான் தூக்கணும்! கம்பளிய விரிங்க!"

மூன்று பெண்கள். தூக்க முடியவில்லை. வாசலோடு நின்றுவிட்டோம். ராசு பார்த்தான். தலையைச் சொறிந்தான். வந்தான்.

"சரி, விடுங்க. ஒங்க ஆசைக்கு ஒரு முனைய நான் புடிக்கிறேன்."

அவன் நம்பவில்லை. நம்பாமலேயே தூக்கினான். அதுதான் ராசு.

ஆறு இருபத்தைந்து. கோயில் பாறை ஏறிவிட்டோம். அந்தோணியை மாரியம்மன் சந்நிதிக்கு முன்னால் படுக்க வைத்தோம். ராசு இடுப்பில் கை வைத்து நின்று மலையைப் பார்த்தான். மேலே தேயிலை மலை நடுவில் பிளந்து கிடந்தது. அவன் முகம் மாறியது. முதல் முறையாக நான் கேட்ட சத்தத்தை அவனும் கேட்டான்.

ஓடினான். கோயிலிலிருந்து லயத்து வாசல் நன்றாகத் தெரியும். கலா வாசலில் நின்றாள். இடுப்பில் சின்னவள். அவன் கையை வீசினான்.

"கலா! வெளிய வா! ஓடியா! ஓடியா!"

மலை வந்தது. ஷெல் போல இல்லை. நூறு லொறி ஒரே நேரத்தில் கருங்கல் கொட்டுவது போல. நிற்காமல். சுதா என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்தது பிறகுதான் தெரிந்தது. சத்தம் நின்றபோது லயம் இல்லை. பச்சை மண் வாசம். கசங்கிய தேயிலை வாசம். மண்ணெண்ணெய் வாசம். எங்கோ ஒரு சேவல் கூவியது.

பாறையில் முப்பத்தாறு பேர். பாதை உடைந்துவிட்டது. போன் வேலை செய்யவில்லை. பூசாரி சூடம் கொளுத்தினார். நனைந்த தீப்பெட்டி. பதினொன்றாவது குச்சியில் பிடித்தது. பிலோமினா அக்கா அம்மன் சந்நிதியிலேயே முழங்கால் போட்டு செபமாலை சொன்னார். யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. கோயிலில் பொங்கலுக்கு வைத்திருந்த அரிசி இருந்தது. கழுவினேன். கஞ்சி வைத்தேன். முதல் வாய் அந்தோணிக்கு ஊட்டினேன். விழுங்கினார்.

பிலோமினா அக்கா என் கையைப் பிடித்தார். "ஆண்டவர்தான் ஒன் வாயத் தொறந்தாரு சரசு. முப்பத்தாறு உசுரு."

அவருடைய கை சூடாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். ஆண்டவர் திறந்தார் என்றால், அதுவரை மூடி வைத்தது யார்? கஞ்சியை அடுத்த ஆளுக்கு ஊற்றினேன்.

மதியம் பன்னிரண்டு இருக்கும். கீழ்ப் பாதையில் காலடிச் சத்தம். நிறையப் பேர். ஆண்களின் குரல். சிங்களம். என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. சுதாவை இழுத்தேன். பாறைக்குப் பின்னால் தள்ளினேன்.

"ஒளிஞ்சுக்கங்க! வர்றாங்க! ஒளிஞ்சுக்கங்க!"

ஐம்பத்தைந்து வயதுக்காரி கத்தவில்லை. பதின்மூன்று வயதுக்காரி கத்தினாள்.

வந்தவர்கள் கீழ்க் கிராமத்து ஆட்கள். தோளில் மண்வெட்டி, கயிறு, கடப்பாரை. முன்னால் ஒரு பெண். தலையில் சோற்றுப் பானை. என்னைப் பார்த்து நின்றாள். பானையை இறக்கினாள். "பய வென்ன எப்பா, நங்கி," என்றாள். பயப்படாதே தங்கச்சி. அவள் பெயர் சோமாவதி. பிறகு தெரிந்தது, அவளுடைய வீட்டில் பாதியும் அன்று காலை ஆற்றோடு போயிருந்தது. மிஞ்சிய பாதியில் அடுப்பு இருந்தது. அதில் சமைத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறாள். வழுக்கும் பாதையில் இரண்டு மைல். பலாக்கொட்டைக் கறி. இலை இல்லை. கையில் வாங்கிச் சாப்பிட்டோம். ஆண்கள் உட்காரவில்லை. நேராக மண்ணுக்குள் இறங்கினார்கள். எங்கள் ஆண்களும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். மண்வெட்டி பட்டுவிடும் என்று சில இடத்தில் கையால் தோண்டினோம்.

வியாழன் மாலை நான்கு மணி. மருதை ஐயா. வெள்ளி காலை. கலா. அவள் பக்கத்தில் மகன் பிரவீன். சனி காலை. ராசு. வாசலுக்கு நான்கு காலடி முன்னால்.

சனி மதியம் யோகேஸ்வரி வந்தாள். பண்டாரவளையிலிருந்து கொஞ்ச தூரம் லொறி. மிச்சம் நடை. முழங்கால் வரை மண். பாறையில் ஏறி எல்லா முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொன்றாக. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். சோமாவதிதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி. பள்ளிக்கூடக் கட்டடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். சடங்கு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"யோகா, நான் அஞ்சு நாப்பதுக்கே கேட்டேன். வாய் தொறக்கல. சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன். ஒங்கப்பாவ அந்தோணியத் தூக்கக் கூட்டிப் போனதும் நான்தான்."

மூக்கைத் துடைத்தாள்.

"அஞ்சு நாப்பதுக்குச் சொல்லியிருந்தாலும் அப்பா சிரிச்சிருப்பாரு அத்தை," என்றாள். பிறகு, "அந்தோணி மாமா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அந்தோணி உயிரோடு இருக்கிறார். ராசுவின் பெயரை யாராவது சொன்னால் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வரும்.

இப்போது சாமி கும்பிடுகிறீர்களா என்று கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அங்கே நிற்பவர்களில் யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது கேட்காது என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். மழை பலத்தால் இப்போது இருக்கிற இடத்தில் கதவு கதவாகப் போய்த் தட்டுகிறேன். ஒரு சத்தமும் கேட்காவிட்டாலும் தட்டுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

போனவை. ஒரு லயம், பன்னிரண்டு காம்பரா. ஒரு பசு, கன்றோடு. ஏழு ஆடு. என் கணவருடைய ஒரே போட்டோ. மகனுடைய பிறப்புச் சான்றிதழ். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம். மேல்மலைத் தேயிலை, பீலி, பீலிக்குப் போகிற பாதை.

போனவர்கள். மருதை, எழுபத்தெட்டு. ராசு, நாற்பத்திரண்டு. கலா, முப்பத்தெட்டு. பிரவீன், ஒன்பது.

கிடைக்காதவள் ஒருத்தி. ராசுவின் சின்ன மகள். கலாவின் இடுப்பில் இருந்தவள். பதினோரு நாள் தோண்டினோம். பன்னிரண்டாம் நாள் மண் மறுபடி அசைந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெயர் தர்ஷினி. வயது நான்கு. மேல் வரிசைப் பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.