பின்னால் மண்தான்

காட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் அவர்களுடைய சப்பாத்தைத்தான் பார்ப்பேன். கால் நனைந்தவரால் அசையாமல் இருக்க முடியாது. ஆள் அசைகிற பக்கம் பன்றி வராது. வசந்த்குமார் முதல் நாள் வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். அலுவலகத்துக்கும் இதுதான், காட்டுக்கும் இதுதான் என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு அவர்மீது ஒரு கோபமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை நான் ஜெர்மன் மொழியிலேயே சொல்லியிருக்கலாம். என் தொழில் முழுக்க ஜெர்மனில்தான். ஆனால் இது நடந்தது தமிழில். மொழிபெயர்க்க நீங்கள் அழைத்திருக்கும் இந்தத் தங்கைக்குச் சிரமம் இல்லாமல் நிதானமாகவே சொல்கிறேன்.

வுப்பர்டால் நகருக்கு வெளியே உள்ள சுடும் பயிற்சி நிலையத்தில் நான் ஆசிரியன். குளிர்காலத்தில் சவர்லாந்துக் காட்டில் பன்றி வேட்டைக்கு ஆட்களை அழைத்துப் போவேன். பல் வைத்தியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். தமிழன் ஒருவன் வேட்டை சொல்லித்தருவது அவர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும், மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார்கள். எல்லோருக்கும் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். குண்டு பன்றியோடு நிற்காது. உடம்பைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகும். அதனால் பன்றியைப் பார்க்கும்போதே பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மண் இருந்தால் சுடு. மண் தெரியாவிட்டால் விரலை எடு. என்னிடம் படித்தவர்கள் யாரும் இதில் பிழை விட்டதில்லை. இன்றுவரை இல்லை.

கிறிஸ்ரினா என் மனைவி. குருநகரில் பிறந்தவள். கல்யாணம் கட்டி இங்கே வந்தபோது அவளுக்கு ஒரு சொல் ஜெர்மன் தெரியாது. எந்த பஸ், எந்தக் கடை, எந்த வைத்தியர், எல்லாம் நான் சொல்லித்தான். பிறகு மொழி படித்தாள், மருத்துவமனைச் சமையலறையில் வேலை எடுத்தாள். ஆனாலும் நான் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் என்று நம்பும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை நான் குறையாக நினைத்ததில்லை. வீட்டில் இரண்டே பேர் இருந்தால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதில் குழப்பம் வராது.

காட்டுக்கு ஒருநாள் வா என்று அவளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "ரத்த மணம் எனக்கு ஏலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்பாள். நான் வற்புறுத்தவில்லை.

வசந்த்குமாரை வீட்டுக்குக் கூட்டி வந்தது நான்தான். திருச்சிக்காரர், எசன் நகரில் கணினி வேலை. அன்று மழை, ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளை, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கிறிஸ்ரினா கதவைத் திறந்ததும் அவருடைய நனைந்த சப்பாத்தைத்தான் பார்த்தாள்.

"உங்கட கால் அளவு என்ன, தம்பி?"

"நாற்பத்திரண்டு, அக்கா."

அவள் நிலவறைக்குப் போய் என்னுடைய பழைய பூட்ஸைக் கொண்டுவந்தாள். "இவருக்கு இது இப்ப தேவையில்லை. நீங்கள் போடுங்கோ."

அது உண்மைதான். நான் புதியது வாங்கியிருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் நான் கொழுப்புப் பூசி வைத்த பூட்ஸ் அது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவர் கதைக்கத் தெரிந்தவர். மேலதிகாரி நடப்பதைப்போல நடந்து காட்டுவார். அவருடைய அம்மா தொலைபேசியில் மூச்சுவிடாமல் பேசுவதைப்போலப் பேசுவார். கிறிஸ்ரினா கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒருநாள் மேசையில் இருக்கும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அக்கா, நீங்களும் ஷூட்டிங் ட்ரை பண்ணலாமே? செம ஜாலியா இருக்கும்."

"நானோ?" என்று கேட்டாள். பிறகு, "சரி, வாறன்" என்றாள்.

இத்தனை வருடம் நான் கேட்டும் கிடைக்காதது அவருக்கு ஒரே வாக்கியத்தில் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

அவளுக்குக் கை நன்றாக வந்தது. மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்பது சிலருக்குச் சொல்லித்தந்தும் வராது; அவளுக்குச் சொல்லாமலே வந்தது. பயிற்சி நிலையத்துத் திரையில் படமாக ஓடும் பன்றியை முதல் தடவை சரியாக அடித்தபோது நான் அவளுக்குப் பின்னால், அவள் தோளைத் திருத்திவிட்ட கையைக்கூட எடுக்காமல் நின்றேன். அவள் திரும்பினாள். என் முகம் அவளுடைய முகத்துக்கு முன்னால் இருந்தது. அவளோ என் தோளுக்கு மேலாக, பின்னால் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள். "பார்த்தனீங்களோ, தம்பி?" என்றாள்.

அந்த ஒரு பார்வைதான். வேறு ஒன்றையும் நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை.

வேட்டை அனுமதிப் பரீட்சைக்கு இரண்டு பேரும் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். சட்டச் சொற்களை அவள் அவருக்கு விளக்குவாள். அவர் அவற்றைத் திருச்சிப் பேச்சில் திருப்பிச் சொல்லுவார், இருவரும் சிரிப்பார்கள். நான் பக்கத்து அறையில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் தேறினாள். அவர் எழுத்துப் பரீட்சையில் தவறிவிட்டார். தான் தேறிய நாளில் அவருக்காக அழுதாள். நான் வாங்கி வந்த கேக்கை மறுநாள்தான் வெட்டினோம்.

அவர்களுக்கிடையில் தப்பாக எதுவும் இருக்கவில்லை. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் நான் தேடிப் பார்த்தேன். அவளுடைய தொலைபேசியில், கைப்பையில், சட்டைப் பைகளில். எதுவும் இல்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டாள், தம்பியாகத்தான் நினைத்தாள். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். பொறாமைப்படுகிறவன் கத்துவான். நான் ஒருநாளும் கத்தவில்லை.

இனி வேட்டை. எங்களுடையது துரத்து வேட்டை. நாய்க்காரர்கள் புதருக்குள் இறங்கிப் பன்றிகளைக் கலைப்பார்கள். சுடுபவர்கள் உயரமான மரப் பரண்களில் ஆளுக்கொரு இடத்தில் காத்திருப்பார்கள். யாரை எங்கே விடுவது, யார் எந்தப் பக்கம் சுடலாம் என்பதைத் தலைவன் தீர்மானிப்பான். தலைவன் நான். எந்த மரம் வரைக்கும் சுடலாம் என்பதைச் சிவப்பு நாடா கட்டிக் காட்டுவேன். வேட்டை முடிந்ததென்று நான் கொம்பு ஊதும்வரை யாரும் பரணை விட்டு இறங்கக்கூடாது. ஆட்களின் உயிரைக் காக்கிற விதி அது.

அன்று கிறிஸ்ரினாவைப் பள்ளத்துக்கு மேலே உள்ள பரணில் ஏற்றினேன். கீழே, இடது பக்கம், காய்ந்த பன்னச் செடிகளுக்கு நடுவே பன்றிகள் வழக்கமாகப் போகும் பாதை. அதற்கு அப்பால் உயரமான மண் சரிவு.

"இடது பக்கம் வந்தால் சுடலாமோ?" என்று கேட்டாள்.

"ஓம். அங்க ஆக்கள் இல்லை. பின்னால மண்தான்."

நான் பொய் சொல்லவில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். பின்னால் மண்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மண்ணுக்கு முன்னால் வசந்த்குமாரைக் கொண்டுபோய் இருத்தினேன்.

அவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லாததால் பார்வையாளராகத்தான் வந்தார். என்னோடு இருக்க வேண்டியவர். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பக்கத்தில் சின்ன முக்காலியைப் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்களை விட்டுவிட்டு வருகிறேன், அதுவரை இங்கே இருங்கள் என்றேன். அவர் குளிரில் நடுங்கினார். என்னுடைய பச்சைக் கம்பளி அங்கியைக் கழற்றி அவர் போட்டிருந்த செம்மஞ்சள் மேற்சட்டைக்கு மேலே போட்டுவிட்டேன். கழுத்துவரை பொத்தானும் பூட்டிவிட்டேன். அந்தச் செம்மஞ்சள் நிறம், காட்டில் மனிதனை மனிதன் அடையாளம் காண்பதற்காக. உங்கள் அதிகாரிகள் அங்கியைப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், தன் குளிரையும் பாராமல் கொடுத்திருக்கிறார் என்றார்கள்.

"தேங்க்ஸ், சார். அக்கா எங்க நிக்கிறாங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம். நீங்கள் அசையாதேங்கோ. என்ன நடந்தாலும் எழும்பாதேங்கோ."

அவர் நல்ல மாணவர். என் பூட்ஸுக்குள் கால்களும் காய்ந்திருந்தன.

ஒருவன் ஒரு பன்றியை நம்பி இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பன்றி வராமல் போயிருந்தால் மூன்று பேரும் வேட்டைக் குடிலில் பருப்புச் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். நான் இடத்தை மட்டும்தான் ஒழுங்கு செய்தேன். மீதியைக் காட்டிடம் விட்டேன். அந்தப் பருவத்தில் முந்தின இரண்டு வேட்டைகளிலும் அவர்களை அதே இடங்களில்தான் இருத்தியிருந்தேன். அப்போதெல்லாம் பன்றிகள் வேறு வழியால் போய்விட்டன. நாங்களும் சூப் குடித்துவிட்டுப் போனோம்.

அன்று பன்றி வந்தது. பரண் பக்கமிருந்து ஒரேயொரு வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. "இஞ்சேருங்கோ, விழுந்திட்டுது. ஒரே வெடி. வசந்த் தம்பிக்குச் சொல்லுங்கோ."

அவளுடைய முதல் பன்றி. துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். செய்தி எனக்குத்தான் வந்தது. சேர வேண்டியது அவருக்கு. அதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அன்று கொம்பு ஊத வேண்டிய நேரத்துக்கு நான் ஊதவில்லை. பிந்தித்தான் ஊதினேன். அதுவரை அவள் விதிப்படி பரணிலேயே இருந்தாள். கீழே ஏதோ சத்தம் கேட்டதாகவும், பன்றியின் கடைசி மூச்சாக்கும் என்று நினைத்ததாகவும் பிறகு சொன்னாள். உடனே யாராவது பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னது உங்கள் அறிக்கையிலும் இருக்கும்.

அவளுடைய சூட்டில் ஒரு பிழையும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குண்டு பன்றியின் தோளுக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில் புகுந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே அப்பால் போயிருந்தது.

எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது நான் மேலே பரணடிக்குப் போய், இடது பக்க மரத்தில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து வலது பக்க மரத்தில் கட்டினேன். பிறகு காருக்குள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"வலது பக்கம் மட்டும் எண்டுதானே சொன்னனான், கிறிஸ்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இடது பக்கம் எண்டு... நீங்கள்..." என்று தொடங்கினாள். பிறகு, "ஓம். நீங்கள் அப்பிடித்தான் சொல்லியிருப்பியள். நான்தான் பிழையா விளங்கியிருப்பன்" என்றாள்.

வசந்த்குமார் தன் இடத்தை விட்டுத் தானாகவே கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும் என்று நான் சொன்னதையும் எல்லோரும் நம்பினார்கள். ஆர்வத்தில் புதியவர்கள் அப்படிச் செய்வதுண்டு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவள்மீது வழக்கு.

அதன் பிறகு வீட்டில் மறுபடியும் இரண்டு பேர் ஆனோம். அப்படித்தான் நான் எதிர்பார்த்தேன். அவள் உடைந்துபோவாள், நான் தாங்கிப் பிடிப்பேன், அவளுக்கு வேறு யாரும் இருக்கமாட்டார்கள். முதல் சில கிழமைகள் அப்படித்தான் இருந்தது. நான் ஊட்டினால்தான் சாப்பிட்டாள்.

பிறகு வசந்த்குமாருடைய அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினாள். அந்த மனுஷி திட்டவில்லை. அவளோடு சேர்ந்து அழுதார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து கதைக்கிறாள். "சரிங்கம்மா", "சாப்டீங்களாம்மா" என்கிறாள். குருநகர்க்காரி, அவருடைய பேச்சைப் பேசுகிறாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படம், அதற்கு முன்னால் மெழுகுதிரி. நித்திரையில் அவருடைய பெயரைச் சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது அவர் வார இறுதியில்தான் வந்தார்.

போன கிழமை என்னிடம் சொன்னாள்: "நீதிமன்றத்தில நான் மறுக்கமாட்டன். என்ர கையால போன உயிர். சாகும்வரைக்கும் அந்தப் பிள்ளை என்னோடதான் இருக்கும்."

அன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். செய்தவன் நான். இடம் பார்த்தது நான், அங்கி போட்டது நான், கொம்பைப் பிந்தி ஊதியது நான். அவரைக் கொன்றது நான். அப்படியிருக்க அவர் எப்படி அவளோடு இருப்பார்? எனக்குரிய ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொண்டு அதை அவரோடு பங்கிட்டுக்கொள்கிறாள். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே நானாக உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். என் மனைவிமீதுள்ள அன்பினால் வந்தேன் என்று எழுதுங்கள். அவளுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

கையெழுத்தை எங்கே வைக்கவேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன். ஒரேயொரு உதவி மட்டும். இதையெல்லாம் நீங்கள் போய்ச் சொல்லும்போது கிறிஸ்ரினா அழுவாள். அந்த நேரம் அவளுடைய முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்; அழுதது எனக்காகவா அவருக்காகவா என்று வந்து எனக்குச் சொல்லுங்கள்.