இடது பக்கம் பாருங்க

– அந்த நாற்காலிய நகத்திட்டு வண்டியச் சொருகினது நீங்கதானே, மிஸ்டர்?

– ஆமாங்க. கால் ஒடஞ்ச நாற்காலி, நடு ரோட்டுல கெடந்துச்சு. யாரோ குப்பைக்குப் போட்டதுன்னு நெனச்சேன்.

– பிலடெல்பியாக்காரன் பேசற பேச்சா இது? ரோட்டுல நாற்காலி இருந்தா என்ன அர்த்தம்னு உங்கம்மா சொல்லித் தரல?

– தெரியும். கார் நிறுத்த இடம் பிடிச்சு வச்சிருக்கறது. ஆனா அது பனி கொட்டற காலத்துலதானே? அவங்கவங்க பனியத் தோண்டி எடுத்த இடத்துக்கு. இது ஆகஸ்ட் மாசம்மா.

– என் வாசல்ல பன்னெண்டு மாசமும் நாற்காலிதான். போன கிறிஸ்மஸ்ல ஒருத்தன் இப்படித்தான் நகத்திட்டு நிறுத்தினான். திரும்பி வந்து பாக்கறப்ப நாலு டயர்லயும் காத்து இல்ல.

– ஐயோ, மெரட்டாதீங்க. உங்க கார் எப்ப வரும்? வந்ததும் எடுத்துடறேன்.

– எனக்கேது கார்?

– கார் இல்லையா? அப்ப எதுக்கு இந்த நாற்காலி?

– அது என் பாடு. ரெண்டு நாப்பதுக்குள்ள எடுத்துடு, அவ்வளவுதான். இப்ப மணி என்ன?

– ரெண்டு அஞ்சு. அதுக்குள்ள ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். என் பேரு ஷீஹன். ஊர் சுத்திக் காட்டற பஸ் கம்பெனி ஆபீஸ்லேருந்து வர்றேன்.

– பஸ் கம்பெனியா? ம். என்னை மிஸ் அர்லீன்னு கூப்பிடு. தெருவே அப்படித்தான் கூப்பிடுது.

– மிஸ் அர்லீன், எங்க பஸ் தினம் நாலு தடவை இந்த வழியா போகுது. விரிசல் விட்ட சுதந்திர மணி, நாட்டோட முதல் கொடி தைச்ச வீடு, படகுத்துறை, அப்புறம் உங்க தெரு.

– எனக்கே சொல்றியா? மைக்குல கத்தறது என் அடுப்படி வரைக்கும் கேக்கும்.

– அப்ப இதையும் கேட்டிருப்பீங்க. 'எல்லாரும் இடது பக்கம் பாருங்க. முதல் ஜனாதிபதிக்குப் பல்செட்டு கட்டிக்குடுத்தவரு குடியிருந்த வீடு.' எதிர்ல இருக்கே, அந்தப் பச்சைக் கதவு வீடு. அது நெசமா?

– நெசமாவா? கேட்டுக்கோ தம்பி. நாப்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாத சங்கதியா? மூணாவது மாடி ஜன்னலுக்குக் கீழ பாரு. இடது கோடியிலேருந்து ஏழாவது செங்கல். பல்லுத் தடம் தெரியுதா?

– தெரியலையே.

– கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாரு. செங்கல் பச்சையா இருக்கறப்ப பல்செட்டை அதுல பதிச்சுப் பாத்திருக்கான், சரியா கடிக்குதான்னு.

– மிஸ் அர்லீன், தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரத்தையே பாத்துட்டுத்தான் வர்றேன். அந்த வீடு கட்டினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திமூணுல. சலவைக் கடையா இருந்திருக்கு. பல்செட்டு கட்டினவரு செத்து நூறு வருஷம் கழிச்சுக் கட்டின வீடு.

– பத்திரத்துல எல்லாமா எழுதியிருக்கும்? பழைய வீட்ட இடிச்சு அதே செங்கல்ல கட்டியிருப்பான்.

– ஒஹாயோவுலேருந்து வந்த டீச்சரம்மா ஒருத்தங்க நாலு பக்கத்துக்குக் கடுதாசி போட்டிருக்காங்க. சரித்திரம் கேக்க வந்தா சாமர்த்தியமா பொய் சொல்றீங்கன்னு.

– ஒஹாயோக்காரிக்கு எங்க ஊர்ப் பல்லப் பத்தி என்ன தெரியும்?

– அவங்க ரெண்டு வருஷம் வந்திருக்காங்க. மொத தடவை வீடு மட்டும்தான் கதையில இருந்துச்சாம். இந்தத் தடவை ஜன்னல், செங்கல், செங்கல்ல பல்லு. கதை வளந்துக்கிட்டே போகுதுங்கறாங்க.

– வளராம? போன வருஷம் அந்த முனையில 'நில்'லுன்னு ஒரு பலகை நட்டுட்டான். பஸ்ஸு நின்னு போகுது. அதுவரைக்கும் கதை தாங்கணுமில்ல.

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணும் சொல்லல. அந்தக் கைடுக்கு என்ன ஆகும்?

– அது... என் அறிக்கையப் பொறுத்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவருக்கு. ஒரு புகார் கிடையாது. அதான் எனக்குப் புரியல. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறாரு.

– கேட்டியா? எப்ப?

– இன்னைக்குக் காலையில. தலையக் குனிஞ்சு தொப்பியத் தடவிக்கிட்டே நின்னாரு.

– நிப்பாரு. திட்டினா அப்படித்தான் நிப்பாரு.

– உங்களுக்கு அவரைத் தெரியுமா?

– உக்காரு. அட, அங்க இல்ல! மேல் படியில யாரும் உக்காரக் கூடாது. கீழ உக்காரு.

– மன்னிச்சுக்கோங்க. படி என்ன இப்படிப் பளபளக்குது!

– வெள்ளைப் பளிங்கு. தினம் காலையில வாளித் தண்ணியும் தேய்க்கிற கல்லுமா உக்காந்துடுவேன். ஒரு இடம் மட்டும் வெளுக்கவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டு டோரா அங்க ஒண்ணுமே இல்லைங்கறா. எனக்கு மட்டும்தான் தெரியுதாம்.

– இந்தக் கரடி பொம்மை, மெழுகுவத்தி எல்லாம்...

– என் பையன். லமார். இன்னைக்கு அவனுக்குப் பொறந்த நாள். அதான் காலையில கல்லறைக்குப் போயிட்டேன், ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. இருந்திருந்தா இருபத்தஞ்சு வயசு.

– போகும்போது எத்தனை?

– பதினேழு. வர்ற அக்டோபர் வந்தா எட்டு வருஷம். வீட்டுச் சாவியத் தொலைச்சுட்டு வந்தான், மூணாவது தடவையா. நான் வேலைக்குப் போயிருந்தேன். கதவைத் தட்டறான். அவங்கப்பா உள்ளதான் இருக்காரு. 'உங்கம்மா வர்ற வரைக்கும் படியிலயே உக்காரு, அப்பதான் உனக்குப் புத்தி வரும்'னு திறக்கல. எந்த அப்பனும் சொல்றதுதான். நானே சொல்லியிருப்பேன்.

– ம்.

– சாயந்தரம் அஞ்சு மணி, நல்ல வெளிச்சம். முனையில ரெண்டு கார்ல பசங்க ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிட்டானுங்க. அவனுங்க யாருன்னே இவனுக்குத் தெரியாது. ஒரு குண்டு இங்க வந்துச்சு. மேல் படிக்கு.

– ஆண்டவரே.

– அடக்கத்தன்னைக்கு சர்ச்சு ஜனம் அத்தனை பேர் முன்னாலயும் அவர்கிட்ட சொன்னேன். 'என் படியில இனிமே நீ காலை வைக்கக் கூடாது.' அன்னைக்கே பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. இன்னி வரைக்கும் வைக்கல. சொன்ன சொல்ல மீறவே மாட்டாரு அந்த மனுஷன். ஆனா தம்பி, பஸ்ஸு என் படி இல்லையே?

– பஸ்ஸா?

– உன் கைடு பேரு வெஸ்லி டாபின்ஸ்தானே?

– ஆமா.

– நான் அர்லீன் டாபின்ஸ்.

– டாபின்ஸா? அப்ப நீங்க அவரோட...

– வாயை மூடு தம்பி, ஈ பூந்துடப் போகுது.

– அவர் ஒரு வார்த்தை சொல்லலையே மிஸ் அர்லீன். காலையில அவ்வளவு நேரம் நின்னாரே!

– எங்க சொல்லுவாரு. லமார் போன ரெண்டாவது வாரம் நடந்தது. தெரு ஜனம் கரடி, பலூன், மெழுகுவத்தின்னு கொண்டாந்து குவிச்சிருந்தாங்க. உங்க பஸ்ஸு வந்துச்சு. பக்கமெல்லாம் திறந்து கெடக்கற பஸ்ஸு, கை நீட்டினா தொடலாம். நாப்பது பேரும் போனைத் தூக்கிட்டான். ஒரு பொம்பள ஐஸை நக்கிக்கிட்டே 'இங்க என்ன திருவிழாவா?'ன்னு கேக்கறா. படி தேய்க்கிற வாளிய அப்படியே அவ மேல கவுத்தேன்.

– அந்தப் புகார் ஃபைல்ல இருக்கு. 'யாரோ ஒரு பைத்தியக்காரி'ன்னு போட்டிருக்கு.

– சரியாத்தான் போட்டிருக்கான். மறுநாள் அதே நேரம் அதே பஸ்ஸு. இந்தத் தடவை மைக்குல அவர் குரல். லீவு முடிஞ்சு வேலைக்கு வந்துட்டாரு போல. 'எல்லாரும் இடது பக்கம் பாருங்க.' ஒரு தலை என் பக்கம் திரும்பல.

– அதுக்காகவா அந்தப் பல்லுக் கதை?

– எனக்கும் அன்னைக்குப் புரியல. பத்திக்கிட்டு வந்துச்சு. புள்ளய மண்ணுல வச்சு மாசம் ஆகல, என் வாசல்ல வந்து ஜனங்களச் சிரிக்க வைக்கறானே பாவின்னு. ஒரு வருஷம் பஸ் சத்தம் கேட்டாலே கதவச் சாத்திக்குவேன். அப்புறம் ஒரு நாள் குனிஞ்சு தேய்ச்சுக்கிட்டிருந்தவ சாத்த நேரமில்லாம நிமிந்துட்டேன்.

– நிமிந்து?

– நாப்பது பின்மண்டை தெரியுது. நாப்பது பேரும் அந்த வீட்டையே அண்ணாந்து பாக்கறாங்க. கைடு முன்னால நின்னு அவங்களப் பாத்துத்தானே பேசணும்? அவர் ஒருத்தர் மட்டும் இந்தப் பக்கம் பாக்கறாரு. வாய் பல்லப் பத்திப் பேசுது, கண்ணு என் மேல இருக்கு. ரொம்ப எளைச்சுப் போயிருந்தாரு தம்பி. கழுத்துப் பட்டன் தொளதொளன்னு நிக்குது.

– நீங்க என்ன செஞ்சீங்க?

– குனிஞ்சு தேய்ச்சேன். வேற என்ன செய்வேன்? ஆனா மறுநாள் ஞாபகமா நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

– இப்பக்கூட மஞ்சள் சட்டை.

– லமாருக்குப் புடிச்ச கலர். அவங்கப்பாவுக்கும்தான்.

– பேசினதே இல்லையா?

– கிடையாது. கை ஆட்டினதும் கிடையாது. அரை நிமிஷம், முனை திரும்பற வரைக்கும். நேர்ல வந்து நின்னா என்னால தாங்க முடியாது. மன்னிச்சிட்டியான்னு கேட்டாருன்னு வையி, எனக்கு பதில் தெரியாது. அரை நிமிஷம் தாங்க முடியுது. அவராலயும் அவ்வளவுதான் முடியும்னு நெனைக்கறேன். நாலு அரை நிமிஷம் ஒரு நாளைக்கு. ஏழு வருஷமா நாங்க குடும்பம் நடத்தறது அதுலதான்.

– அப்ப அந்த நாற்காலி...

– அங்க வேனு, லாரி எதுனா நின்னா என்னை மறைச்சுடும்.

– என் சாவி எங்க... இருங்க.

– எங்க ஓடற?

– வண்டிய எடுக்கறேன்.

– மெதுவாப் போ, விழுந்து வைக்காத. டோரா! எட்டிப் பாக்காதடி, ஆபீஸ்காரருதான். ஒண்ணுமில்ல, உள்ள போ.

– எடுத்துட்டேன். அடுத்த தெருவுல விட்டிருக்கேன். நாற்காலியும் வச்சிட்டேன், சரியா பாருங்க.

– கொஞ்சம் முன்னால தள்ளு. ம், அங்கதான். பரவால்ல, உங்கம்மா வளத்தது வீண் போகல. மணி?

– ரெண்டு முப்பத்தாறு.

– இப்பச் சொல்லு, அறிக்கையில என்ன எழுதப் போற? பல்லு இருக்குன்னு எழுது. நானே கையெழுத்துப் போடறேன். ஒஹாயோ அம்மா மூக்குக் கண்ணாடிய மாத்தணும்னு எழுது.

– மிஸ் அர்லீன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– பஸ்ஸு போகட்டும், அப்புறம் சொல்லு. என் காலர் மடிஞ்சிருக்கா?

– இல்ல, சரியா இருக்கு. மிஸ் அர்லீன், தயவுசெஞ்சு இதக் கேளுங்க...

– ஷ்! வருது பாரு. மைக்குச் சத்தம். ... இது யாரோ பொண்ணு குரலாச்சே?

– இந்தப் பேட்டைக்கு அழகே இந்த வெள்ளைப் படிங்கதாங்க! எல்லாரும் வலது பக்கம் பாருங்க! அந்தம்மா எவ்வளவு அருமையா தேய்ச்சு வச்சிருக்காங்க, பாத்தீங்களா? அம்மா, மஞ்சள் சட்டை அம்மா! ஒரே ஒரு போட்டோவுக்குச் சிரிங்க! கரடிங்களும் சேந்து படத்துல விழட்டும்!

– போ! போம்மா, வண்டிய எடுக்கச் சொல்லு! யாரும் போட்டோ எடுக்காதீங்க! நான் ஆபீஸ்லேருந்து சொல்றேன், போங்க!

– கத்தாத தம்பி. அந்தப் பொண்ணு என்ன பண்ணும். போயிடுச்சு, விடு.

– காலையிலேயே அவரை வேலைய விட்டு நிறுத்திட்டேன் மிஸ் அர்லீன். தொப்பிய நான்தான் வாங்கி வச்சேன். அறிக்கை எப்பவோ மேல போயிடுச்சு. கூட ஒரு சாட்சி இருந்தா நல்லதுன்னுதான் இங்க வந்தேன். என் அறிக்கையப் பொறுத்ததுன்னு சொன்னது பொய்.

– நீயும் சொல்லிட்டியா பொய்? நானும் சொன்னேன். அவர் சொன்ன பொய்தான் ஒருத்திக்காவது ஒதவிச்சு. கிளம்பறப்ப அவரு ஒண்ணுமே கேக்கலையா?

– ஒண்ணு கேட்டாரு. இன்னைக்கு ரெண்டு நாப்பது பஸ்ஸை மட்டும் விட்டுடுங்க, அதை முடிச்சிட்டு நானே தொப்பியக் குடுத்துடறேன்னாரு.

– காலையில நான் கல்லறையில இருப்பேன்னு அவருக்குத் தெரியும். நீ என்ன சொன்ன?

– ரூல்ஸுன்னா ரூல்ஸ்தான்னு சொன்னேன்.

– ம்.

– 'அப்ப இந்த ஊர்ல எனக்கு இனிமே ஒண்ணுமில்ல, தெக்க சவான்னாவுல அக்கா வீடு இருக்கு, ஒரு மணி ரயிலைப் புடிச்சுடறேன்'னாரு. நான் வேலையத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். அக்கா வீட்டு விலாசம் இருக்கா? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். இப்பவே கெளம்பறேன்.

– கூட்டிட்டு வந்து எங்க நிறுத்துவ? இந்தப் படியிலயா?

– ஏதாவது திட்டுங்க மிஸ் அர்லீன். வாளித் தண்ணிய எடுத்து என் மேல ஊத்துங்க.

– பாத்தியா தம்பி, இன்னைக்கு நாப்பது பேரும் என்னைப் பாத்தாங்க.

– பாத்தேன்.

– போறப்ப அந்த நாற்காலிய எடுத்து வீட்டுக்குள்ள வச்சிட்டுப் போ. இனிமே அங்க யார் வேணும்னாலும் வண்டிய நிறுத்திக்கட்டும்.