அரை வாளித் தண்ணீரும் அண்டார்டிகாவும்

கரிசல் மண்ணைப் போல வெளியே இறுகி உள்ளே ஈரம் வைத்திருக்கும் விழாத் தலைவர் தங்கசாமி அண்ணாச்சி அவர்களே, தீப்பெட்டி ஆலையில் கை கழுவிய ஈரம் காயுமுன் வந்தமர்ந்த தாய்மார்களே, பின்வரிசையில் கடலை மிட்டாய் கடித்து என் பேச்சுக்குப் பின்னணி இசை தரும் பெரியோர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே முறைக்கும் ராமலட்சுமி அக்கா அவர்களே, அனைவருக்கும் பிரின்ஸ்டனாகிய என் வணக்கம்.

அக்காவின் பைக்குள் ஒரு சம்மதப் படிவம் இருக்கிறது. அவர் மகள் காவியா, அண்டார்டிகாவில் பதினான்கு மாதம் தங்கி வானிலை அளக்கத் தேர்வாகியிருக்கிறாள். பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக் காலை பத்து மணி கெடு.

அதே வேலைக்குக் கடந்த ஆண்டு போய்வந்தவன் நான். மேடையேறும்போது தலைவர், காவியாவின் தாய்மாமன், என் காதில் சொன்னார்: "தம்பி, குளிரப் பத்தி நல்லா நாலு போடு போடுங்க. புள்ள பயந்து வீட்டோட கெடக்கட்டும்."

மன்னிக்கணும் அண்ணாச்சி, மைக் பக்கத்துல வந்ததும் வாய் நிக்கல.

பயமுறுத்தவா? இதோ. நான்கு இந்தியாவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் நிலம். சராசரியாக இரண்டு கிலோமீட்டர் கனத்துக்குப் பனி. காற்று எழுந்தால் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் நடை. எங்கள் நிலையத்தில் இரண்டு மாதம் சூரியன் மறையாது, இரண்டு மாதம் முகமே காட்டாது. நூறாண்டுக்கு முன் தென்துருவத்துக்கு நாய்களோடு போனவர் வென்றார், குதிரைகளை நம்பிப் போனவர் பாதியில் குதிரைகளை இழந்தார். குதிரைக்கு வியர்க்கும், அங்கே வியர்வையும் உறையும்.

யாரு அங்கன, பெங்குயின் பாத்தியாங்கிறது? பாத்தேன் அண்ணாச்சி. கயத்தாறு பஸ்ஸுக்கு நாம நிக்கிறத விட ஒழுங்கா வரிசையில நிக்கும்.

ஆனால் அவையோரே, அண்டார்டிகா என்பது என்ன? பாலைவனம்! உலகிலேயே வறண்ட கண்டம். மழை காணாத நிலம் யாருக்குப் புதிது? வெடித்துக் கிடக்கும் தரை யாருக்குப் புதிது? ஓட்டப்பிடாரத்துக்கா? குளத்தூருக்கா? நம் கரிசல் வெடிப்பில் கணுக்கால் போகும், அங்கே ஆளே போவார். நம் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், அங்கே பனி மூடியிருக்கும். கம்பால் குத்திப் பார்த்துக் காலை வைத்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஒருமுறை எங்கள் குழாய் உறைந்துபோனது. சுற்றிலும் உலகத்து நன்னீரில் பெரும்பகுதி பனியாகக் கிடக்கிறது, குளிக்கத் தண்ணீர் இல்லை! உருக்கித்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாளி, இரண்டு நாளைக்கு. எல்லோரும் கலங்கினார்கள். நான் அரை வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் டாக்டர் செல்வக்குமார், சென்னைக்காரர், கேட்டார்.

"அரை வாளியில எப்படிப்பா குளிச்ச?"

"துணியும் அலசிட்டேன் சார்."

"எங்க ட்ரெயினிங் எடுத்த?"

"கோவில்பட்டி சார். எட்டு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி வரும்."

அன்று முதல் நிலையத்தின் தண்ணீர் அதிகாரி நான்தான். அந்த மகிழ்ச்சியில் வெளிக்கிடங்கில் உறைந்து கிடந்த கடலை மிட்டாயை டாக்டருக்கு நீட்டினேன். ஒரே கடி, பல் போனது. பல்லுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

என்னக்கா? மைக்க அக்கா கையில குடுங்க.

"தம்பி, சிரிக்கச் சிரிக்கச் சொல்லுதிய. ஒங்க ஜீனா போனப்ப ஒங்களால வர முடிஞ்சுதா?"

முடியல அக்கா.

ஜீனா என் மனைவி. ஜூன் பதினான்காம் தேதி, மூன்று நாள் காய்ச்சலில் இறந்தாள். நவம்பர் வரை கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அன்று மாலை ஆறு மணிக்கு மைனஸ் இருபத்தொன்பது. அளந்தேன், எழுதினேன். அழுகை அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. விடியல் என்பது கடிகாரத்தில் மட்டும்தான்.

காவியாவாலும் வர முடியாது. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஜீனா போனில், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பாள், சொல்வேன். ஊர் திரும்பி அடுக்களைக் காலண்டரைப் பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் இரண்டு எண்கள். மேலே என் குளிர், கீழே கோவில்பட்டி வெயில். மே நான்கு: மைனஸ் இருபத்திரண்டு, முப்பத்தொன்பது. ஓரத்தில் பென்சிலால், "ஆளுக்குப் பாதி பிரிச்சுக்கிட்டா நல்லாருக்கும்."

அடுப்படியை விட்டு அசையாமல் என்னோடு அண்டார்டிகாவில் இருந்தவள் அவள். போகாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் போனதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று எத்தனையோ முறை யோசித்தேன். அந்தக் காலண்டரைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வளவுதான் அக்கா. கையெழுத்து உங்களுடையது.

மறுபடி மைக்கா? குடுங்க.

"அங்கன தேங்காண்ண ஒறஞ்சு போவுமே தம்பி. இவ தலைக்கு என்னத்தத் தேய்ப்பா?"

கைதட்டாதீங்க, கொஞ்சம் பொறுங்க, அக்காவுக்குப் பதில் சொல்லிக்கிடுதேன். நிலையத்துக்குள்ள வெதுவெதுன்னுதான் இருக்கும் அக்கா. ஒறையாது. ரெண்டு பாட்டில் குடுத்து விடுங்க. காவியா நாலுங்கிறா, நாலே குடுங்க.

பேனா இல்லையாம். தலைவரே, உங்க சட்டைப் பையில மின்னுதே, அதக் கொஞ்சம் கழத்தி ஒங்க தங்கச்சி கையில குடுங்க.

மனமில்லாமல் பேனா தந்த தலைவருக்கும், மனத்தோடு கைதட்டிய தாய்மார்களுக்கும் நன்றி. காவியா, போய்வா. குளிக்க அரை வாளி போதும். தினமும் எத்தனை டிகிரி என்று அம்மாவுக்குச் சொல். அக்கா, கட்டம் பெரிதாக உள்ள காலண்டராகப் பார்த்து வாங்குங்கள். வணக்கம்.