கொட்டிலுக்குள் செத்த பிஷப்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் அன்று ஐந்து பேர்: சாரதி, தூங்கி வழிந்த சீனக் கிழவர், நான், எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஏறியதும் ஆட்களை எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

"பிஷப்பின்ரை பிணத்தைச் சிலை எண்டு சொல்லித்தான் அக்கா கப்பலில ஏத்தினவை," என்றாள் இளையவள். "நான் கிளீன் பண்ணுற அங்கிலிக்கன் சேர்ச்சில ஃபாதர் சொன்னவர். இருநூறு வருசத்துக்கு முந்தின ஆள்."

"ஏனடி சிலை?"

"பிணமெண்டா கப்பல்காரருக்குப் பயமாம்."

"பாவம், நல்ல மனுசன்."

"எங்கை! கட்டின மனுசியை விட்டிட்டு ஊரூராய்ச் சுத்தினவர். குண்டுப் பாதிரிமாரை ஓட்டப்பந்தயம் ஓடவிட்டு, வெண்டவருக்கு நல்ல வருமானமுள்ள கோயிலைக் குடுத்தவராம்."

"அம்மாளாச்சி!"

"எத்தனை மாளிகை கட்டின மனுசன்! இத்தாலியில றோட்டில வருத்தம் வந்து விழ, வயல் செய்யிற ஒரு கமக்காரன்ரை வீட்டுக்குக் கொண்டுபோனவை. வேறை சபைப் பிஷப் எண்டு அவன் உள்ளுக்கு விடேல்லை. கொட்டிலுக்கை கிடந்து செத்தார்."

நானும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்கடை பேஸ்மென்ற்றில இருக்கிற அங்கிள், யேசுவைக் கும்பிடுற வேதக்காரர், குடியும் மாட்டிறைச்சியும்தானே. நாளைக்குச் சஷ்டி விரதம் எண்டு காலமை கராஜுக்கை படுக்கவிட்டிட்டு வந்தனான். ஒரே இருமல்."

"உந்தக் குளிருக்கையோ, அக்கா?"

மூத்தவள் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தாள். "இறங்கித் திரும்பிப் போறன். மேலை என்ரை அறையில படுக்க விடுறன். எழும்பி நடக்கட்டும், பிறகு கேக்கிறன்."

"என்னத்தை?"

"ரெண்டு மாச வாடகைப் பாக்கி. எழுநூறு டொலர்."