முப்பத்தொன்றாம் நம்பர் டப்பா

"ஹலோ… ஆமா, நான்தான்… ஆமா ஆமா, ஆய்வகத்துலேர்ந்துதான் பேசறேன். சார், காலையில உங்க கம்பெனி ஆளுங்க வந்து ஃப்ரீசரையே தூக்கிட்டுப் போயிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?… ஓ, தெரியுமா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல…"

தலைமை விஞ்ஞானி நின்றபடியே பேசினாள். ஃப்ரீசர் இருந்த இடத்தில் தூசி சதுரமாகத் தெரிந்தது. சத்துமாவு ஆராய்ச்சிக்காக நாற்பத்திரண்டு கைக்குழந்தைகளின் மலத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைய வைத்திருந்தாள். வெளியாட்கள் முகம் சுளிப்பார்கள். அவளுக்கோ அது, திட்டம் போட்டதிலிருந்து, மூன்று வருட உழைப்பு.

"…ஒப்பந்தத்துல இருக்கு, தெரியும் சார். கூட்டு ஆராய்ச்சி, மாதிரி ரெண்டு பேருக்கும் பொது. கையெழுத்துப் போட்டதே நான்தானே… ஐயோ, நன்றியில்லாமப் பேசல. மெஷின், எங்க ஆளுங்க சம்பளம், எல்லாம் உங்க புண்ணியம். யாரு இல்லைன்னா?… நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. மாவு ஊட்ட ஆரம்பிச்ச மூணாவது மாசம் எடுத்த மாதிரியில முப்பது குழந்தை வரைக்கும் பாத்துட்டேன். அதுல பதினாலு பேருக்குக் குடல்ல இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவே இல்ல. சுத்தமா இல்ல. அதே பதினாலுக்கும் வயித்துப்போக்கு, எடை இறங்கிட்டே போகுது… சீசன் இல்ல சார். சீசன்னா மத்த பதினாறையும் விட்டிருக்காது…"

எதிர்முனையில் இருந்தவர் கம்பெனியின் ஒருங்கிணைப்பாளர். அவள் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் கேக் அனுப்புகிறவர். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"…ஆமா, எல்லாமே வெள்ளை டப்பா, மேல நம்பர் மட்டும்தான். எதுல உங்க புது சத்துமாவு, எதுல சாதா மாவுன்னு எனக்குத் தெரியக்கூடாது, ஒத்துக்கறேன். அந்தப் பட்டியல் உங்ககிட்டதானே இருக்கு? அதைக் குடுங்க, இன்னைக்கே நிறுத்திடலாம்… மேலிடத்துல கேட்டு, அடுத்த மாசமா? சார், ஒரு நாளைக்கு மூணு வேளை ஊட்டறாங்க… சரி, சரி, பட்டியலே வேணாம். நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் நானே போன் போட்டு நிறுத்தச் சொல்லிடறேன்… என்னது?… எந்த நோட்டு?… ஒரு நிமிஷம் இருங்க."

இழுப்பறையைத் திறந்தாள். பூட்டு உடையவில்லை. உள்ளே இருந்த நீல அட்டை நோட்டுதான் இல்லை. குழந்தைகளின் பெயரும் அம்மாக்களின் போன் நம்பரும் அந்த ஒரு நோட்டில்தான் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடாது, வேறெங்கும் எழுதக்கூடாது, யார் குழந்தை என்று வெளியே தெரியவே கூடாது என்று விதி போட்டவள் அவளேதான். ஆய்வகத்தைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

"…சார், அந்த நோட்டைக் குடுத்துடுங்க… சரிபாக்கவா? அதுல என்னத்தைச் சரிபாப்பீங்க?… சாவி யாரு குடுத்தா?… வேணாம், சொல்ல வேணாம்… கோபம்லாம் இல்ல. நான் எதுக்குக் கோபப்படணும்… என்ன சொன்னீங்க?… முப்பத்தொண்ணா?… முப்பத்தொண்ணு என் தங்கச்சி பையன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆராய்ச்சி தொடங்கும் நேரத்தில் ஒரு குழந்தை குறைந்தது. தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஊர் முழுக்க மொட்டை என்று கூப்பிடும் அவள் மகனைச் சேர்த்துவிட்டாள். விஞ்ஞானி தன் வீட்டுக் குழந்தையைச் சேர்க்கக் கூடாது. தப்பென்று தெரிந்தே செய்தாள். அவனுடைய குப்பியைப் பரிசோதிக்கத்தான் இன்று காலை விடிந்ததும் ஓடி வந்தாள். அதற்குள் ஃப்ரீசர் போய்விட்டிருந்தது.

"…சாதா மாவா? அவனுக்குச் சாதா மாவுதானா? நிஜமாவா சார்?… ஆமா… ஆமா… ரொம்ப… சரி சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத, முழுச் சந்தோஷம். மொட்டைக்கு ஒன்றுமில்லை. அதன்பிறகுதான் அவர் கடைசியாகச் சொன்னது காதிலிருந்து புத்திக்குப் போனது.

"சார், இருங்க… 'உங்க வீட்டுப் பையனை ஆரம்பத்துலயே நாங்க பாத்துக்கிட்டோம்'னீங்களே. ஆரம்பம்னா?… டப்பாவுக்கு நம்பர் ஒட்டும்போதேவா?… இல்ல சார், அது குலுக்கல்லதானே வரணும்… ம்… அவனுக்கு மட்டும் மாத்தி வெச்சீங்க. சரி. எனக்காகத்தான், சரி. ஆனா எதுக்கு மாத்தணும்?… நல்ல மாவுன்னு சொல்லித்தானே எங்கிட்டக் குடுத்தீங்க? நல்ல மாவுன்னா அவனுக்கு எதுக்கு மாத்தணும்?… சார்?… அப்போ குழந்தைங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு… ஹலோ… ஹலோ…"

லைன் போய்விட்டது.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தங்கை நம்பர் ஒன்றுதான். அங்கே நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. நாற்பத்தொரு வீடுகளில் மத்தியான மாவைக் கரைத்துக்கொண்டிருப்பார்கள்.