வெயில் காணாத எலும்பு

வெயில் விழுகிற வீடு வாடகைக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனக்குக் கிடைத்தது. முன்னறையில் விடிந்ததிலிருந்து வெயில் இருக்கும். பின்னறைதான் கொஞ்சம் இருட்டு. அதைச் சித்திக்குக் கொடுத்தேன். சித்தி என்றால் என் அப்பாவின் இரண்டாம் மனைவி. என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனாள்.

நான் அருங்காட்சியகத்தில் பழைய எலும்புகளை ஆராய்கிறவள், மேடம். ஒரு நூல் ஆலையின் பின்புறம் தோண்டியபோது குழந்தைகளின் இடுகாடு அகப்பட்டது. விடியும் முன் உள்ளே போய், இருட்டிய பிறகு வெளியே வந்த பிள்ளைகள். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி ஊறாது. எலும்பு இறுகாது. நடக்க நடக்க உடம்பின் பாரத்தில் கால் வில்லாக வளையும். செத்து நூறு வருஷமானாலும் அந்த வளைவு நிமிராது. ஆலை முதலாளிக்குச் சிலை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெயர்கூட இல்லை. ஒருத்தனும் அந்த முதலாளியைக் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு சிறுமியின் கால் எலும்பை எடுத்து என் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வளைவு. பள்ளியில் எனக்குக் கவட்டைக்காலி என்று பெயர். விருந்தாளிகள் வந்தால் சித்தி என்னைப் பின்பக்கத்து இருட்டறையில் வைத்துப் பூட்டுவாள். "வெளிய வராத. பாத்தா சிரிப்பாங்க," என்பாள். அவர்கள் போன பிறகும் பல தடவை பூட்டைத் திறக்க மறந்துவிடுவாள்.

அந்த எலும்பை அதன் பெட்டியில் வைத்து மூடினேன்.

அப்பா இறந்த பிறகு, முழங்கால் வலியோடு சித்தி என்னிடம்தான் வந்து சேர்ந்தாள். கொசு வருகிறது என்று பின்னறைச் சன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். கொழுப்பு ஆகாது என்று பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த எலும்புச் சத்து மாத்திரைக்குப் பதிலாக வேறு ஏதோ வெள்ளை மாத்திரை. மற்றபடி நேரத்துக்குச் சாப்பாடு, துவைத்த விரிப்பு, குளிக்க வெந்நீர். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்காது," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கொஞ்ச நேரம் வாசல்ல உக்காரட்டுமாம்மா?" என்று சித்தி கேட்பாள்.

"வேணாம் சித்தி. பாத்தா சிரிப்பாங்க."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் புரிந்தது. அதன் பின் கேட்கவில்லை.

இரண்டாவது வருஷம், படுக்கையில் புரண்டு படுத்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் அவளைவிட என் நடையைத்தான் அதிகம் கவனித்தார். சின்ன வயசில் வெயில் படாமல் வளைந்த கால் என்றேன். என்னிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க கால் வெயில் இல்லாம வளைஞ்சதில்லம்மா. இது பிறவியிலயே வர்றது. எலும்புக்கு வேண்டிய உப்பை உடம்பு சிறுநீர்ல விட்டுடும். உங்கம்மாவுக்கு இருந்திருக்கலாம்."

சித்தியிடம் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவளுக்கும் அப்படித்தான் கால். சொன்னா நீ பெத்தவளை வெறுத்துடுவேன்னு உங்கப்பா சொல்ல விடல. உன்னப் பூட்டி வச்சது தப்புதான். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

வளைந்த காலெல்லாம் வெயில் காணாத கால் அல்ல, குடும்பத்தையும் விசாரிக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். என் கால் விஷயத்தில் யாரையும் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

தினமும் வெயிலில் உட்கார வையுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சித்தியைப் படுக்க வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். சன்னல் பலகையில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கி அடித்தேன். பலகையைக் கழற்றினால் அதுவரை செய்ததெல்லாம் தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனாள். அந்த மருத்துவர் சந்தேகப்பட்டு உங்களிடம் வந்தது நியாயம்தான்.

நான்தான் செய்தேன். தெரிந்தும் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். எனக்குக் கோபமே வராது.