ஞாயிற்றுக்கிழமை கொண்டா

அந்த நாற்காலியில் கொஞ்சம் பார்த்து உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. பின்கால் ஒன்று ஆடும். ஓர் ஆணி அடித்தால் நின்றுவிடும்தான். அடிக்கவில்லை.

தேவஆசீர்வாதம் செத்தது மின்கசிவால் என்று கரண்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் கேஸ் முடிந்த மாதிரிதான். செட்டு பழசு என்பதால் தெரிந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இடைசெவல் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். நல்லது. எழுதுகிற தம்பியையும் உட்காரச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளட்டும்.

அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் நான் கொடுத்ததுதான். மந்திரமூர்த்தி சவுண்ட் சர்வீஸ் என்றால் இந்தப் பக்கம் கோயில் கொடை, கல்யாணம், ஓட்டு எல்லாவற்றுக்கும் நான்தான் மைக்செட். வால்வு செட்டை உசத்தியாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. அது கனம், சூடு, சூடேறுகிற வரைக்கும் வாயைத் திறக்காது. டிரான்சிஸ்டர் வந்த அன்றைக்கே அதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். பிறகு டிஜே பாக்ஸ் வந்தது. ஊரில் என்னைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

தேவஆசீர்வாதம் மணியாச்சியில் தண்டவாள வேலை பார்த்தவன். நாற்பது வயசு இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பைக்கில் வந்து நின்றான். வால்வு செட்டு இருக்கிறதாமே என்றான். நான் வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினேன். செம்புக்கம்பியை உருவிக் காயலான் கடையில் போடுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் மரியாதையாக வருவார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்துக் காட்டினான்.

"அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வேல பாத்த கறுப்பு ஜனங்க பாட்டு அண்ணாச்சி. ப்ளூஸ்னு பேரு. இத வால்வு செட்டுல விட்டு வாசிக்கணும். சத்தம் ஒடையணும்."

"இங்கனயும் பருத்திதான். நாங்க யாரும் அப்படிப் பாடலையே."

"அதாம் நான் வாசிக்கேன்."

சத்தம் உடையாமல் கொடுப்பதுதான் என் தொழில். உடைந்தால் கோயில் கொடையில் அடிக்க வருவார்கள். இவன் உடைத்துக் கொடு என்று கேட்டு வருகிறான். கிறுக்கன் என்று நினைத்துத்தான் உள்ளே விட்டேன்.

செட்டை இறக்கித் துடைத்தேன். சீட்டி அடிக்கிற கோன் ஸ்பீக்கர் வேண்டாம் என்று பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினேன். உள்ளங்கை அளவுக்கு உருண்டையான இரும்பு மைக் ஒன்று கிடந்தது. அவன் அந்த மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கையாலும் காற்றுப் போகாமல் பொத்திக்கொண்டு வாயில் வைத்தான். உடனே ஊளை. ஸ்பீக்கரை அவனுக்குப் பக்கவாட்டில் திருப்பினேன், டிரெபிளைக் குறைத்தேன், போதவில்லை. முதல் வால்வைக் கழற்றிவிட்டு சத்தத்தைக் கம்மியாகப் பெருக்குகிற வால்வு ஒன்றைப் போட்டேன். ஊளை நின்றது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவன் கேட்ட மாதிரி விளிம்பில் பிய்ந்துகொண்டு வந்தது.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஊதும்போது ஒரு சத்தம், உறிஞ்சும்போது ஒரு சத்தம். நடுவில் அவன் மூச்சு. அந்த மைக் மூச்சையும் விடாது. பெரிதாக்கி அறை முழுக்க நிரப்பும். என் வீட்டுக்காரி வேலுத்தாய் செத்த பிறகு இந்த வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மகன் திருப்பூரில் இருக்கிறான். அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். அவன்மேல் குற்றமில்லை.

செட்டைக் கட்டிக்கொண்டு போனவன் வரவில்லை. நன்றாக ஓடுகிற சாமானுக்கு மெக்கானிக் எதற்கு. பருத்தி வெடித்து எடுப்பும் முடிந்தது. ஒருநாள் திரும்ப வந்தான். பைக்கில் குலுங்கியதில் ஒரு வால்வு தன் இடத்தில் தளர்ந்திருந்தது. அழுத்திவிட்டால் தீர்ந்தது. நான் செட்டை முழுக்கப் பிரித்துப் போட்டுப் பொழுதை ஓட்டினேன். அவன் டீ குடித்தான், சாயங்காலம் வரைக்கும் வாசித்தான், சாவு வீட்டில் ஒப்பாரிக்கு மைக் வைத்ததுண்டா என்று கேட்டுச் சிரித்தான். கிளம்பும்போது ஜீனாவுக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி சாப்பிடவே மாட்டுக்காவ, அடுத்த வாட்டி எதாச்சும் குடுத்துவிடு" என்றான். ஜீனா அவன் பெண்டாட்டி. நான் வால்வை இறுக்கினேன். வேறோர் இடத்தில் ஈயப் பற்றைப் பாதி விட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தான். ஒருமுறை கரகரப்பு, ஒருமுறை இரைச்சல், ஒருமுறை சத்தமே இல்லை. ஒன்றைச் சரிபண்ணுவேன், ஒன்றை வைத்து அனுப்புவேன். ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. மனுசன் அப்படி இருக்கக் கூடாது. நான் யாரிடமும் ரிப்பேருக்கு எதையும் கொடுத்ததில்லை.

ஜீனா தூக்குவாளியில் குழம்பு கொடுத்துவிடுவாள். கடைசியாக வந்த தூக்கு அந்தா அலமாரியில் இருக்கிறது. வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

பிறகு ஒருநாள் வெறுங்கையோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வாட்டி ஈயம் வச்சி நானே பத்தவச்சிட்டேன் அண்ணாச்சி. போன்ல பாத்துப் படிச்சிக்கிட்டேன். உங்களப் போட்டுப் படுத்திக்கிட்டே இருக்கேம்லா. வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குச் செரமம்."

என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறான். அன்றைக்கு வாசிக்கவும் இல்லை, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் அவனிடம், கடைசியாக ஒரு தடவை செட்டைக் கொண்டுவா, எல்லாம் சுத்தமாகப் பார்த்துத் தந்துவிடுகிறேன், அப்புறம் என்னிடம் வரவே வேண்டாம் என்று சொன்னேன். கொண்டுவந்தான்.

கண்ணுக்குத் தெரிகிற கோளாறு எதை வைத்தாலும் அவனே பார்த்துவிடுவான். அதனால் எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரை உள்ளே கழற்றி, கழன்றது தெரியாமல் மடக்கி வைத்தேன். கரண்டு உள்ளே நுழைகிற இடத்தில் பழைய கண்டென்சர் ஒன்றை மாட்டினேன். கொஞ்சம் கசிகிறது என்று தெரிந்துதான் மாட்டினேன். பெட்டியிலும் மைக்கிலும் லேசாகக் கரண்டு வரும். செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தேன், எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் வேண்டியது. கரண்டு என்றால் பயந்து தானாகக் கை வைக்கமாட்டான், என்னிடம் வருவான். அந்தக் காலத்துக் கண்டென்சர் ஈரக்காற்றுப் பட்டால் எறும்போடு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கரிசல் காட்டில் எப்போது ஈரம் இருக்கிறது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நீங்களும் பார்த்தீர்கள்தானே. புதூர்ப் பக்கமெல்லாம் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுத்தது. வியாழக்கிழமை போன் வந்தது. அந்தப் பக்கமும் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, மைக்கப் புடிச்சி வாயில வச்சா ஒதட்டுல சுள்ளுங்கு."

"ரொம்பக் கடிக்கா?"

"இல்ல, லேசாத்தான். நானே தொறந்து பாக்கட்டா?"

"நீ தொறக்காத. ஞாயித்துக்கிழம கொண்டா, பாப்போம்."

"சனிக்கிழம மகளுக்குப் பொறந்தநாளு. வாசிக்கச் சொல்லி நச்சரிக்கா. வாசிக்கலாம்லா?"

உள்ளே பச்சை ஒயர் ஒன்று மடங்கிக் கிடக்கும், அதை அதன் இடத்தில் முறுக்கு என்று நான் சொல்லியிருக்கலாம். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். முடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். செட்டைத் தொடாதே என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

"சத்தத்தக் கொறச்சி வச்சி வாசி" என்றேன்.

சத்தத்துக்கும் அந்தக் கடிக்கும் சம்பந்தமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

ரயில்வே குவார்ட்டர்சின் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்து வாசித்திருக்கிறான். பிள்ளைகள் ஓடி ஓடிச் சிமெண்டுத் தரை முழுக்கத் தண்ணீர். வெறுங்கால். கரண்டு பிடித்தால் விரல் மூடத்தான் செய்யும், திறக்காது. இரண்டு கையும் பொத்தியபடி, உதடு இரும்பில் ஒட்டியபடி இருந்திருக்கிறான். செட்டிலிருந்து வந்த சத்தத்தையும் வாசிப்பில் சேர்த்தி என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டினார்களாம். ஜீனாதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். இதெல்லாம் நீங்கள் எழுதி வைத்திருப்பதுதான்.

எனக்குச் சனிக்கிழமையே செய்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து டீக்குப் பால் வாங்கி வந்தேன். சர்ச் முடிகிற நேரத்துக்கு வாசலில் ஸ்டூலைப் போட்டேன். பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தேன்.

இப்படிப் பார்க்க வேண்டாம் அம்மா. எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது, பகை கிடையாது. கொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் தன்னைத் தேடி வந்த ஒரே ஆளையா கொல்லுவான். நான் அவனை வரவழைத்தேன். எர்த்தைக் கழற்றியது நான். கசிகிற கண்டென்சரை மாட்டியது நான். மழை என்று தெரிந்தும் வாசிக்கச் சொன்னது நான். அவன் வராமல் போய்விட்டான்.

கிளம்பச் சொல்கிறீர்கள். கிளம்புகிறேன், சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன். தம்பி எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நான் செய்ததாகச் சொன்னதெல்லாம் சத்தியம். ஒரே ஒரு சில்லறை விஷயத்தை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஒயரின் நிறமோ, ஒரு கிழமையோ, அந்த மாதிரி. இன்றைக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் போகும்போது இடிக்கும். அப்போது என்னை எங்கே வைத்திருந்தாலும் நீங்கள் அங்கே வந்து என்னிடம்தான் கேட்டாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குச் சௌகரியம்.